ரூ. 1,062 நல்லெண்ணம்

கொஞ்ச நாளா ஆணி ஜாஸ்தி மக்கா. அதான் இந்தப் பக்கம் ஆளைக் காணோம். இன்னிக்கு எழுத உக்காந்தது சினிமா பத்தியும் இல்ல, கிரிக்கெட் பத்தியும் இல்ல. ஒரு பேங்க் எங்கப்பா மேல காட்டுன நல்லெண்ணத்தைப் பத்தி. கொஞ்சம் நீளம்தான். நடுவுல கணக்கெல்லாம் வரும். கணக்குன்னாலே அலர்ஜி ஆகுறவங்க நேரா அந்த ஆடியோ வர்ற இடத்துக்குப் போயிருங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன்.

நடந்தது 2024ல. எழுதட்டுமான்னு அப்பாகிட்ட கேட்டுட்டே இருந்தேன், போன வாரம்தான் ம்ம்னு சொன்னார். ஒரே கண்டிஷன், "பேங்க் பேரைப் போடாத. அங்க கேஷியரா இருக்குற பையன் நல்ல பையன்." சரின்னுட்டேன். (இந்த 'சரி'ங்கிற வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க.)

அப்பா கோவில்பட்டியில ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதினவர். எங்க ஊர்ல ஃபேக்டரின்னு யாரும் சொல்ல மாட்டோம், தீப்பெட்டி ஆபீஸ்தான். குச்சி எத்தனை மூட்டை வந்துச்சு, எத்தனை குரோஸ் கட்டுனாங்க, யாருக்கு எவ்ளோ கூலி, எல்லாம் அவர் கையெழுத்துல பேரேட்டுல இருக்கும். ஆடிட்டர் வந்து உக்காந்தா அம்பது பைசா இடிக்கக்கூடாது. ரிட்டயர் ஆனப்புறமும் பழக்கம் போகல. வீட்டுக்கு வாங்குற கொத்தமல்லிக்கட்டு வரைக்கும் ஒரு நோட்டுல ஏறிரும். அம்மாவுக்கு இதுல ஏகக் கடுப்பு. "நான் என்ன உங்ககிட்ட கூலிக்கா இருக்கேன், பத்து ரூவாய்க்குக் கணக்கு கேக்கீக?"

ரிட்டயர் ஆகி வந்த பி.எஃப். பணத்துல ஒரு பகுதியை எஃப்டி போட்டார். அந்த எஃப்டிக்கு எதிரா ஒரு கிரெடிட் கார்டு குடுத்தாங்க. அப்பா அதை மளிகை, மாத்திரை, போன் ரீசார்ஜ் இதுக்கு மட்டும்தான் எடுப்பார். மாசம் ஆறாயிரத்தைச் சுத்தி வரும். எடுத்ததையெல்லாம் நோட்டுல எழுதி, பில் தேதி வந்ததும் கூட்டி, கெடு தேதிக்கு முன்னாடி பேங்குக்குப் போய் சேவிங்ஸ்லருந்து மாத்தச் சொல்லி ஒரு சலான் எழுதிக் குடுத்துட்டு வந்துருவார். எடுத்தது எவ்ளோவோ கட்டுறதும் அவ்ளோ. நம்ம தலைமுறையில எத்தனை பேர் இப்படி கார்டு வச்சிருக்கோம் சொல்லுங்க.

2024 மார்ச் மாசம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் பண்ண வேண்டியிருந்துச்சு. எஃப்டியை உடைக்கலாம்னு பேங்குக்குப் போயிருக்கார். அங்க, "சார், உங்க எஃப்டி லீன்ல இருக்கு. கார்டுல 9,881 ரூவா பாக்கி நிக்குது. அதைக் கட்டிட்டு கார்டையும் சரண்டர் பண்ணாத்தான் எஃப்டியைத் தொட முடியும்"னு சொல்லிட்டாங்க.

அந்த இடத்துல நானா இருந்தா கவுன்ட்டர் மேல ஏறியிருப்பேன். அப்பா ஒண்ணுமே கேக்கல. சலான் வாங்கி 9,881 ரூவாயைக் கட்டிட்டு வீட்டுக்கு வந்துட்டார். யார்கிட்டயும் சொல்லல. ரெண்டு நாள் கழிச்சு அம்மா போன்ல, "உங்கப்பா பழைய நோட்டையெல்லாம் எடுத்துப் போட்டு கூட்டிக்கிட்டே இருக்காருடா. சாப்பிடக் கூப்பிட்டா வரமாட்டேங்காரு. என்னன்னு கேளு"ன்னாங்க. கேட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு, "எங்கயோ விட்டுட்டேன் போலருக்குடா தம்பி. வயசாகுதுல்ல"ன்னார்.

எனக்கு 9,881 ரூவா பெருசாத் தெரியல. அந்த 'வயசாகுதுல்ல' இருக்கே, அதுதான் ரெண்டு நாள் தூங்க விடல. ஆபரேஷன் செலவுக்கு நான் பணம் அனுப்பிட்டேன். எஃப்டியையும் கார்டையும் அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டு, பிராஞ்ச்ல போய் ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் பிரின்ட் எடுத்து வாட்சப்ல போடச் சொன்னேன்.

2023 ஜனவரியிலருந்து மாசாமாசம் ஒரு வரி. ஏதோ சுருக்கெழுத்துல ஒரு பேரு, பக்கத்துல 300 ரூவா. அதுக்குக் கீழ ஜிஎஸ்டி 54. ஆக 354. நெட்ல தேடினா அது ஒரு இன்ஷூரன்ஸ் பிரீமியம். கார்டு வச்சிருக்கவருக்கு ஏதாவது ஆயிட்டா கார்டு பாக்கியை இன்ஷூரன்ஸ் கட்டிருமாம். மாசம் ஆறாயிரம் எடுத்து ஆறாயிரமும் கட்டுற மனுஷனுக்கு, அதுவும் எஃப்டியையே அடமானமா வச்சு வாங்குன கார்டுக்கு!

சரி, 354 வீதம் 14 மாசம்னா 4,956 தானே, 9,881 எப்படி வந்துச்சு? இங்கதான் சூட்சுமமே. கார்டு வச்சிருக்கவங்க எல்லாரும் இதை ஒரு தடவை மெதுவாப் படிங்க.

பில் தொகை முழுசையும் கெடுவுக்குள்ள கட்டினாத்தான் அந்த வட்டியில்லாத நாளெல்லாம் உண்டு. கொஞ்சம் குறைஞ்சாலும் அந்தச் சலுகை மொத்தமா போயிரும். நாம நினைக்கிற மாதிரி குறைஞ்ச காசுக்கு மட்டும் வட்டி போடுறதில்ல. வாங்குன ஒவ்வொண்ணுக்கும், வாங்குன தேதியிலருந்து வட்டி ஓடும். அடுத்த மாசம் வாங்குற மளிகைக்கும் முதல் நாள்லருந்தே மீட்டர் ஓட ஆரம்பிச்சுரும். பழைய பாக்கியை அடைக்கிற வரைக்கும் இதே கதை. அப்பா கார்டுக்கு மாசம் மூன்றரை சதவீதம், அதாவது வருஷத்துக்கு 42. அந்த வட்டிக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக அப்பா கணக்குல 354 ரூவா குறைஞ்சதால ஆறாயிரத்துக்கும் வட்டி. 14 மாசமும்.

நோட்டுப்படி அந்த 14 மாசத்துல அப்பா கார்டுல எடுத்தது 84,312 ரூவா. கட்டினது 84,312 ரூவா. நான் ஸ்டேட்மென்ட்டை வச்சு கூட்டிப் பார்த்தேன், அதே தொகை. பைசா சுத்தமா டேலி. அப்போ மிச்சம் நின்ன 9,881 முழுக்க முழுக்க பேங்க் போட்டது. பிரீமியம் 4,956, வட்டி 4,174, வட்டி மேல ஜிஎஸ்டி 751. அப்பா எங்கயும் விடல. போன் பண்ணி இதைத்தான் முதல்ல சொன்னேன். "அப்படியா"ன்னு மட்டும் கேட்டார். அன்னிக்கு ராத்திரி சாப்பிட்டாராம்.

பில் வந்திருக்குமே, பாக்கலயான்னு நீங்க கேக்கலாம். அப்பாவுக்கு மெயிலே கிடையாது. அப்ளிகேஷன்ல யாரோ ஒரு மெயில் ஐடி எழுதி விட்டிருக்காங்க, ஸ்டேட்மென்ட் எல்லாம் அங்க போயிட்டு இருந்திருக்கு. எஸ்எம்எஸ் வரும். அதுல இருக்குற டோட்டல், நோட்டுல இருக்குறதை விடக் கூட இருந்தா, பில் போட்டப்புறம் வாங்குனதையும் சேர்த்திருப்பான்னு நினைச்சிருக்கார். மினிமம் தொகையை விட பல மடங்கு கூடக் கட்டுனதால லேட் ஃபீஸும் விழல, மிரட்டல் போனும் வரல. சத்தமே இல்லாம ஏறிட்டே இருந்திருக்கு.

மார்ச் 18ம் தேதி அப்பா பேர்ல புகார் அனுப்பினோம். பிரீமியத்தை உடனே நிறுத்து, 9,881ஐத் திருப்பிக் குடு. ஒன்பதாவது நாள் பதில் வந்துச்சு. நல்ல இங்கிலீஷ். உங்கள் மதிப்புமிக்க உறவைக் கருத்தில் கொண்டு, பொறுப்பு எதையும் ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ணத்தின் அடையாளமாக கடைசி மூன்று மாதப் பிரீமியம் 1,062 ரூபாயைத் திருப்பித் தருகிறோம். சம்மதம்னா பதில் போடுங்க. அதோட இந்த விஷயம் முடிஞ்சது, மேற்கொண்டு எதுவும் கோர மாட்டேன்னு அர்த்தம்.

9,881க்கு 1,062. அதுவும் நல்லெண்ணம்! நம்ம பைல இருந்து எடுத்துட்டு, பஸ்ஸுக்கு வச்சுக்கோன்னு பத்து ரூவா திருப்பிக் குடுக்குறவனுக்கும் நல்லெண்ணம்தான் மக்கா.

ஆனா உண்மையான சிக்கல் பேங்க்ல இல்ல, எங்க வீட்ல. அப்பா, "வாங்கிட்டு விட்ருவோம்டா"ன்னார். ஏன்னு கேட்டா, அந்தப் பதில்லயே ஒரு வரி இருந்துச்சு. 2023 ஜனவரியில தொலைபேசியில் தாங்கள் ஒப்புதல் அளித்துள்ளீர்கள், பதிவு உள்ளது. அதைப் படிச்சுக் காட்டினதும் ஆடிப் போயிட்டார். "ஆமாடா, யாரோ ஒரு பிள்ளை கார்டு விஷயமா பேசுச்சு. நான் சரி சரின்னு சொன்னேன். ஒத்துக்கிட்டது ஒத்துக்கிட்டதுதானே. கணக்கு எழுதுனவன் கையெழுத்துப் போட்டுட்டு இல்லன்னு சொல்லக்கூடாது."

இந்த இடத்துலதான் நல்லெண்ணங்கிற வார்த்தை எவ்ளோ விஷம்னு எனக்குப் புரிஞ்சுது. அந்த 1,062ஐ வாங்கினா, தப்பு உங்க மேலதான், நாங்க பெரிய மனசு பண்ணித் தர்றோம்னு அர்த்தம். அப்பா அதை அப்படியே நம்பிட்டார். பணத்தை விட அதைத்தான் திரும்ப வாங்கணும்னு தோணுச்சு.

நான் ரெண்டு விஷயம் கேட்டு எழுதினேன். ஒண்ணு, அந்தப் பதிவை அனுப்புங்க. ரெண்டு, நாமினி யாரு?

இந்த நாமினி கேள்வி எங்கருந்து வந்துச்சுன்னு சொல்றேன். 2022 ஏப்ரல் 21ம் தேதி ரிசர்வ் பேங்க் கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு பத்தி ஒரு மாஸ்டர் டைரக்‌ஷன் போட்டுச்சு. ஆபீஸ்ல டெஸ்ட் கேஸ் ஓடிட்டு இருந்தப்ப உக்காந்து முழுசும் படிச்சேன். (மேனேஜர் இதைப் படிக்க மாட்டார்ங்கிற தைரியம்தான்.) அதுல, கார்டோட இன்ஷூரன்ஸ் குடுக்குறதா இருந்தா வாடிக்கையாளரோட வெளிப்படையான ஒப்புதலை எழுத்துலயோ டிஜிட்டல் முறையிலயோ வாங்கணும், நாமினி விவரத்தோட வாங்கணும்னு இருக்கு. வாடிக்கையாளர் ஒரு பில்லை மறுத்தா அதிகபட்சம் 30 நாளுக்குள்ள விளக்கமும், தேவைப்பட்டா ஆதாரமும் குடுக்கணும்னும் இருக்கு. ஆக ஆடியோவைக் கேக்குறது சலுகை இல்ல, நம்ம உரிமை.

ஏப்ரல் 5ம் தேதி ஆடியோ வந்துச்சு. 4 நிமிஷம் 12 செகண்ட். ஹெட்போன் மாட்டி ஆபீஸ் மொட்டை மாடியில நின்னு கேட்டேன்.

ஒரு பொண்ணு. தமிழ்தான், ஆனா மூச்சு விடாத தமிழ். "சார் உங்க கார்டுல ஷீல்ட் பெனிஃபிட் ஆக்டிவேட் ஆகுது சார், நாமினல் சார்ஜ் அப்ளிகபிள் சார், ஓகேவா சார்?" அப்பா, "சரிம்மா." அது அடுத்த வரிக்குப் போகுது. அப்பா, "சரி." அடுத்தது. "ம்ம், சரி." நான் எண்ணினேன், மொத்தம் 19 சரி. நடுவுல ஒரு இடத்துல அப்பா, "இது கார்டு பில்லு சம்பந்தமாத்தானம்மா?"ன்னு கேக்குறார். அந்தப் பொண்ணு, "ஆமா சார், கார்டு சம்பந்தமாத்தான் சார்." முன்னூறுங்கிற எண் எங்கயும் வரல. மாசாமாசம்ங்கிற வார்த்தை வரல. இன்ஷூரன்ஸ்ங்கிறது ஒரே ஒரு தடவை, அதுவும் இங்கிலீஷ் வாக்கியத்துக்குள்ள ஓடிப் போகுது. நாமினல் வந்துச்சு, நாமினி வரவே இல்ல.

கடைசியில அந்தப் பொண்ணு தேங்க்யூ சொல்லி வைக்கப் போகுது. அப்பா, "சரிம்மா. சாப்ட்டியாம்மா? மணி ரெண்டாகப் போகுதே"ங்கிறார். ரெண்டு செகண்ட் அமைதி. அப்புறம் அது மெதுவா, "இனிமேத்தான் சார்"னு சொல்லிட்டு கட் பண்ணுது. அந்த ஒரு வரிதான் முழுப் பேச்சுலயும் அந்தப் பொண்ணோட சொந்தக் குரல். அது மேல எனக்குக் கோவமே வரல. அதுக்கும் தலைக்கு மேல டார்கெட் இருந்திருக்கும்.

இப்ப 'சரி'க்கு வருவோம். நாம போன்ல பேசும்போது சரிங்கிறதை எதுக்கெல்லாம் சொல்றோம்னு யோசிச்சுப் பாருங்க. "நேத்து ராத்திரி மாமாவை ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு." "சரி." அதுக்கு, சேர்க்க நான் சம்மதிக்கிறேன்னா அர்த்தம்? கேட்டுட்டு இருக்கேன், மேல சொல்லுன்னு அர்த்தம். "சரி, அப்புறம்?" "சரி சரி, கத்தாத." 'சரிதான் போய்யா'ன்னா முடியாதுன்னு அர்த்தம். 'சரியாப் போச்சு'ன்னா காரியம் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம்! எங்கப்பா சொன்ன 19 சரியில 18 சரி 'கேக்குதும்மா'தான். மிச்சம் ஒண்ணு 'வச்சுரட்டுமாம்மா'.

இதை ஒரு பேங்க் அதிகாரிக்கு இங்கிலீஷ்ல எழுதிப் புரிய வைக்கிறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா? டிசைன் டாக்குமென்ட் எழுதுறது எவ்வளவோ தேவலாம். கடைசியில ஒரு டேபிள் போட்டேன். எத்தனையாவது செகண்ட், அந்தப் பக்கம் என்ன சொன்னாங்க, அப்பா என்ன சொன்னார். நாலாவது காலத்துல, அந்த நேரத்துல தொகை சொல்லப்பட்டதா, நாமினி கேக்கப்பட்டதா. 19 வரிசையும் இல்லை, இல்லை, இல்லை.

ஏப்ரல் 15ம் தேதி ரெண்டாவது ஆஃபர் வந்துச்சு. இந்தத் தடவை பேங்குக்குள்ளயே இருக்குற இன்டர்னல் ஆம்புட்ஸ்மேன் வரைக்கும் போயிட்டு வந்திருக்கு. புகாரைப் பகுதியாவோ முழுசாவோ நிராகரிக்கிறதா இருந்தா பேங்க் அவர்கிட்ட அனுப்பிட்டுத்தான் முடிவு சொல்லணும். பிரீமியம் முழுசும், 4,956 ரூவா தர்றோம். வட்டி தர முடியாது. ஏன்னா வட்டி, வாடிக்கையாளர் முழு பில்லையும் கட்டாததால வந்தது, அதுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் சம்பந்தமில்லையாம். நல்லெண்ணம் இதுலயும் அப்படியே இருந்துச்சு.

பாதி வந்துருச்சேன்னு எனக்கே சபலம் தட்டுச்சு. லண்டன்ல இருக்குற அத்தான்கிட்ட வேற எதுக்கோ பேசிட்டு இருந்தப்ப இதைச் சொன்னேன். "டேய், இங்க இதுக்குப் பேரு பிபிஐ. ஊரே வாங்குன பணம்டா அது"ன்னார். அப்புறம் படிச்சுப் பார்த்தேன். பிரிட்டன்ல கடனோடயும் கார்டோடயும் இதே மாதிரி இன்ஷூரன்ஸைத் தள்ளிவிட்டு, கடைசியில 2011லருந்து 38 பில்லியன் பவுண்டுக்கு மேல திருப்பிக் குடுத்திருக்காங்க. 2019 ஆகஸ்ட் 29தான் புகார் குடுக்கக் கடைசி நாள். எவ்ளோ திருப்பிக் குடுக்கணும்னு அங்க கணக்குப் போட்ட முறைதான் எனக்குப் பிடிச்சுது. அந்த இன்ஷூரன்ஸ் இல்லாம இருந்திருந்தா கணக்கு இன்னிக்கு எப்படி இருந்திருக்குமோ, அந்த நிலைமைக்குக் கொண்டு வரணும். பிரீமியம், அதுக்குப் போட்ட வட்டி, அது போக பணம் கைல இல்லாம இருந்த காலத்துக்குப் பொதுவா வருஷத்துக்கு 8 சதவீதம் சாதா வட்டி. அந்த ஊர் விதி நம்ம ஊருக்குச் செல்லாது. ஆனா தர்க்கம் எந்த ஊருக்கும் செல்லும்ல?

பொட்டி தட்டுறவனுக்கு வேற என்ன தெரியும், அம்பது வரி பைத்தான் எழுதினேன். 14 மாச ஸ்டேட்மென்ட்டையும் நாள்வாரியா உள்ள குடுத்து, முதல்ல பேங்க் போட்ட வட்டி அப்படியே வருதான்னு சரி பார்த்தேன். வந்துச்சு. அப்புறம் பிரீமியம் வரிகளை மட்டும் எடுத்துட்டு மறுபடி ஓட்டினேன். வட்டி: 0. ஒவ்வொரு மாசமும் 0. ரிசல்ட்டைப் பாத்துட்டு சீட்லருந்து எந்திரிச்சு ஒரு டீ குடிச்சுட்டு வந்தேன்.

ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தல். ஓட்டுப் போட ஊருக்குப் போனேன். சாயங்காலம் விரல் மையோட திண்ணையில உக்காந்து அப்பாவுக்கு அந்த ஆடியோவைப் போட்டுக் காட்டினேன். அதுவரைக்கும் கேக்க மாட்டேன்னு சொல்லிட்டு இருந்தார். முழுசும் கேட்டார். முடிஞ்சதும் இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம், "முன்னூறு ரூவான்னு அந்தப் பிள்ளை சொல்லவே இல்லையேடா"ன்னார். "இல்லப்பா." "சொல்லியிருந்தா நோட்டுல எழுதியிருப்பேனே." எந்திரிச்சு உள்ள போய் 2023 நோட்டை எடுத்துட்டு வந்து ஜனவரி பக்கத்தைத் திறந்து வச்சார். அன்னிக்குத் தேதியில தக்காளி, பால், சைக்கிள் பஞ்சர். அவ்ளோதான்.

பைத்தான் விளக்கத்தையெல்லாம் பொறுமையாக் கேட்டுட்டு அவர் சொன்னது ஒரே வரி. "தப்பா எழுதுன பற்றை ரத்து பண்ணிட்டா, அந்தப் பற்றுனால ஏறுன வட்டியும் சேர்ந்து ரத்துதானேடா. இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டரு?" அவ்வ்வ்வ். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சதுக்கு நல்ல மரியாதை. ஆனா புகார்ல அந்த வரியைத்தான் அப்படியே இங்கிலீஷ்ல போட்டேன். பைத்தான் இணைப்பு மூணாப் போச்சு. இணைப்பு ரெண்டு, அப்பாவோட நோட்டு. 14 மாசத்துப் பக்கமும் ஃபோட்டோ.

மறுநாள் சனிக்கிழமை ரிசர்வ் பேங்கோட சிஎம்எஸ் போர்ட்டல்ல ஆம்புட்ஸ்மேனுக்குப் புகாரை ஏத்தினோம். 2021ல வந்த ஒருங்கிணைந்த ஆம்புட்ஸ்மேன் திட்டத்துக்குக் கீழ. காசு கிடையாது, வக்கீல் வேண்டாம். முதல்ல பேங்க்ல புகார் குடுத்திருக்கணும், 30 நாள் பதில் இல்லாம இருக்கணும், இல்ல பதில் திருப்தியா இல்லாம இருக்கணும். அதுவரை இருந்தா போதும். அந்தத் திட்டத்துல நஷ்டத்துக்கு 20 லட்சம் வரைக்கும், அலைச்சல் மன உளைச்சலுக்குத் தனியா ஒரு லட்சம் வரைக்கும் கேக்கலாம். நாங்க 9,881ம், அலைச்சலுக்கு 5,000ம் கேட்டோம். மன உளைச்சல்னு போடலாமான்னு கேட்டேன். "அதெல்லாம் போடாத"ன்னுட்டார் அப்பா.

புகார் பேங்குக்குப் போனா அவங்க தரப்பை 15 நாளுக்குள்ள எழுதிக் குடுக்கணும். அதுவரைக்கும் மெயில்ல மட்டுமே பேசுன பேங்க், இப்ப போன்ல வந்துச்சு. ரொம்ப மரியாதையான குரல். "சார், 7,500 ஃபுல் அண்ட் ஃபைனல் போட்டுக்கலாமா? இன்னிக்கே கிரெடிட் பண்ணிர்றோம். நீங்க புகாரை வாபஸ் வாங்கிட்டாப் போதும்." 1,062, 4,956, 7,500. தீபாவளிக்கு முந்தின நாள் பிளாட்ஃபார்ம்ல பேரம் பேசுற மாதிரியே இருந்துச்சு. 7,500 எந்தக் கணக்குல வந்துச்சுன்னு கேட்டேன். பிரீமியமா, வட்டியில பாதியா? பதில் இல்ல. கணக்கே இல்லாத எண் அது.

அம்மா, "ஏழாயிரத்து ஐநூறா? வாங்கிட்டு ரெண்டு பேரும் வேற வேலையப் பாருங்க"ன்னாங்க. அவங்களுக்கு ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு நல்லாத் தெரிய ஆரம்பிச்சிருந்துச்சு. மூலையில ஒட்டடை இருக்குன்னு வீட்டையே ரெண்டு பண்ணிட்டு இருந்தாங்க. அப்பாதான், "ஒண்ணு 9,881. இல்ல ஒண்ணும் வேண்டாம். ஆனா அந்த நல்லெண்ணத்தை எடுத்துட்டு எழுதச் சொல்லு"ன்னார். மார்ச்ல 1,062 வாங்கிக்குவோம்னு சொன்ன அதே மனுஷன்!

ஜூன் மாசம் ஆம்புட்ஸ்மேன் ஆபீஸ் மூலமா சமரசத்துல முடிஞ்சுது. 9,881 முழுசா. அலைச்சலுக்கு 3,000. கடிதத்துல மன்னிப்பெல்லாம் கேக்கல. ஆனா, விதிகளில் கூறப்பட்ட முறையில் ஒப்புதல் பெறப்படாததால் தொகை திருப்பி அளிக்கப்படுகிறதுன்னு இருந்துச்சு. நல்லெண்ணம் எங்கயும் இல்ல. அப்பா அந்தக் கடிதத்தைத் தமிழ்ல சொல்லச் சொல்லி ரெண்டு தடவை கேட்டுட்டு, 2023 நோட்டுக்குள்ள வச்சுட்டார்.

ஜூன் 24ம் தேதி கார்டை மூடச் சொல்லி எழுதிக் குடுத்தார். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள்ள மூடணும், தவறினா நாளுக்கு 500 ரூவா வாடிக்கையாளருக்குக் குடுக்கணும்னு அதே 2022 டைரக்‌ஷன்ல இருக்கு. இதை நான் பேச்சுவாக்குல அவர்கிட்ட சொல்லியிருந்தேன் போல. கார்டு மூடினது ஜூலை 8. எனக்கு இது தெரியவே தெரியாது. அவரே உக்காந்து எண்ணியிருக்கார். ஜூன் 29 அஞ்சாவது சனிக்கிழமை, பேங்க் உண்டு, அதையும் வேலை நாளாச் சேர்த்தா ஜூலை 2ம் தேதியோட ஏழு நாள் முடியுது. தாமதம் ஆறு நாள். தமிழ்லயே ஒரு கடிதம் எழுதி ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பியிருக்கார். ஆகஸ்ட்ல 3,000 ரூவா வந்திருக்கு. நான் ஊருக்குப் போனப்ப நோட்டைப் புரட்டினதுல கண்ணுல பட்டுச்சு. வரவுப் பக்கத்துல, 'பேங்க் தாமதம், 6 நாள் x 500.' அதுக்கு நேர் பற்றுப் பக்கத்துல, 'தபால் செலவு.'

டிஸ்கி: மேல சொன்ன விதியெல்லாம் 2024ல எங்க கேஸ் நடந்தப்ப இருந்தது. 2025 நவம்பர்ல ரிசர்வ் பேங்க் பழைய டைரக்‌ஷன்களை எல்லாம் மொத்தமாத் தொகுத்து புதுசா வெளியிட்டிருச்சு. யாராவது இதைப் பாத்து புகார் எழுதுறதா இருந்தா, புது டைரக்‌ஷனோட பேரையும் தேதியையும் ரிசர்வ் பேங்க் தளத்துல பாத்துப் போடுங்க. அந்த டேபிள் ஃபார்மட் வேணும்னா கேளுங்க, தர்றேன். அப்பா நோட்டு மட்டும் தர முடியாது :-)